சொந்தம் என்பது யாது?

(றொசல்லயில் தோட்டத் தொழிலாளரும் ஆசிரியரும் மரக்கறிப் பயிர்ச்செய்கையாளரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சட்டம் படித்தவன் மேடையேறினால் பிரிவுகளை அடுக்குவான்; அரசியற்காரன் மேடையேறினால் எதிரியை ஏசுவான் என்பது நாட்டு வழக்கு. இவ்விரு தொழிலையும் செய்பவனாகிய நான், இன்று தமிழாசிரியரின் தொழிலையும் சிறிது நேரம் இரவல் வாங்கிக் கொள்ளப் போகிறேன். ஒரேயொரு சொல்லைப் பற்றிப் பேசவே இங்கு வந்தேன். அச்சொல் 'சொந்தம்' என்பது.

வயிற்றுப்பாட்டைப் பற்றிப் பேச வேண்டிய இடத்தில் சொல்லாராய்ச்சி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். காரணம் உண்டு. மலையகத் தோட்டங்களில் ஏழு பேர்ச்சஸ் காணி என்றும், தனி வீடு என்றும், உரிமைப் பத்திரம் என்றும் பல ஆண்டுகளாகப் பேச்சு நடக்கிறது. மேடைதோறும் "இனி இது உங்கள் சொந்தம்" என்று சொல்லப்படுகிறது. கையில் ஒரு காகிதமும் வருகிறது. அக்காகிதத்தில் சொந்தம் உண்டா, அல்லது சொந்தம் என்னும் சொல்லின் நிழல் மட்டுமே உண்டா என்று பார்க்கத் தெரியாதவர்களாக நாம் இருந்தால், நம் பிள்ளைகளும் இன்றைய நிலையிலேயே நிற்பார்கள். ஆகவேதான் சொல்லை ஆராய்கிறோம்.

இரு பொருள் கொண்ட சொல்

நம் வீட்டுப் பேச்சில் சொந்தம் என்பதற்கு இரு பொருள் உண்டு. "அவர் எங்களுக்குச் சொந்தம்" என்றால் உறவினர் என்பது பொருள். "அந்தக் காணி அவருக்குச் சொந்தம்" என்றால் உடைமை என்பது பொருள். சொந்தக்காரர் என்ற ஒரே சொல் கலியாண வீட்டிலே மாமனையும் மைத்துனனையும் குறிக்கிறது. நீதிமன்றத்திலே காணிக்கு உரித்தாளரைக் குறிக்கிறது. சொந்த ஊர், சொந்தப் பிள்ளை, சொந்தக் கால், சொந்தப் புத்தி என்றெல்லாம் நாம் வழங்கும்போது, நம்மிடமிருந்து பிரிக்க முடியாத ஒன்றையே கருதுகிறோம். உறவும் உடைமையும் ஒரு சொல்லுக்குள் குடியிருப்பது தமிழரின் மனப்பாங்கைக் காட்டுகிறது. மண்ணோடு உறவு உடையவனுக்கு அம்மண்ணில் உரிமையும் உண்டு என்று எண்ணிய மக்களின் சொல் அது.

மலையகத்தில் இச்சொல்லுக்கு என்ன நேர்ந்தது? முதற்பொருள் நமக்கு வாரி வழங்கப்பட்டது. இரண்டாம் பொருள் மறுக்கப்பட்டது. எந்த ஊர் என்று யாரேனும் கேட்டால் நாம் தோட்டத்தின் பெயரைத்தான் சொல்கிறோம். ஆங்கிலப் பெயர் கொண்ட தோட்டங்கள் பலவற்றுக்கு நம் முன்னோர் தாமே தமிழ்ப் பெயர் இட்டு வழங்கினர். துரைமார் வந்தனர், போயினர். கம்பனிகளின் பெயர்ப் பலகைகள் மாறின. மாறாமல் நின்றவர்கள் பிரட்டுக்களத்தில் நின்றவர்களே. ஆயினும், "உங்களுக்கு வீடு உண்டா?" என்று கேட்டால், நாற்பது ஆண்டுகள் ஒரே லயத்தில் வாழ்ந்த முதியவரும் சற்றுத் தயங்கி, "தோட்டத்து வீட்டில்தான் இருக்கிறோம்" என்றே விடை பகர்கிறார். அவர் தோட்டத்துக்குச் சொந்தம். தோட்டத்தில் ஒரு சாண் நிலமும் அவருக்குச் சொந்தமன்று.

இலக்கணம் சொல்லும் நீதி

நம் இலக்கண நூலார் இதனை நுட்பமாக அறிந்திருந்தனர். ஆறாம் வேற்றுமையின் பொருளைக் கிழமை என்றனர். கிழமை என்றால் உரிமை. நிலத்துக்கு உரியவன் நிலக்கிழான். ஞாயிற்றுக்கு உரிய நாள் ஞாயிற்றுக்கிழமை. பழந்தமிழில் நிலத்துக்கும் பொருளுக்கும் வழங்கிய இந்த அரிய சொல்லை இன்று நாம் நாட்காட்டியில் மட்டுமே காண்கிறோம்.

கிழமையை நன்னூலார் இரண்டாகப் பகுத்தார். தன்னிலிருந்து பிரியாத உடைமை தற்கிழமை. தன்னின் வேறாக நிற்கும் உடைமை பிறிதின் கிழமை. தொழிலாளியின் கை என்றால் தற்கிழமை. தொழிலாளியின் வீடு என்றால் பிறிதின் கிழமை. கையை எந்தச் சட்டமும் எழுதித் தர வேண்டியதில்லை, உடம்போடு பிறந்தது. வீடும் நிலமும் அப்படிப்பட்டவை அல்ல. அவை பிரிக்கக்கூடியவை. பிரிக்கக்கூடியவை என்பதாலேயே அவற்றுக்கு எழுத்தும் எல்லையும் சாட்சியும் சட்டக் காவலும் வேண்டும். தோட்டத் தொழிலாளியின் வரலாற்றை ஒரு வாக்கியத்தில் சொல்வதானால், தற்கிழமையான கையை மட்டும் வைத்துக்கொண்டு, பிறிதின் கிழமை ஒன்றும் இல்லாமல் வாழ வைக்கப்பட்டவன் என்றே சொல்ல வேண்டும்.

இன்னும் ஒன்றைக் கவனியுங்கள். "எனக்குப் பிள்ளை உண்டு" என்கிறோம். "என்னிடம் பிள்ளை உண்டு" என்று சொல்வதில்லை. "என்னிடம் அவருடைய குடை இருக்கிறது" என்கிறோம். 'எனக்கு' என்பதில் உரிமை இருக்கிறது. 'என்னிடம்' என்பதில் கைவசம் மட்டுமே இருக்கிறது. இந்நாட்டின் பொதுச் சட்டமாகிய உரோம-டச்சுச் சட்டம் உரித்து என்றும் ஆட்சி என்றும் பிரித்துப் பேசுவதை, எழுத்தறியாத தாயும் இரண்டு உருபுகளால் பிரித்துப் பேசுகிறாள். காகிதம் தருபவரிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதற்கேள்வி இதுவே: ஐயா, இந்த வீடு எனக்கா, அல்லது என்னிடமா?

1840இல் எழுதப்பட்ட உடைமை

இம்மலைகள் எவருடைய சொந்தம் என்பதை முதலில் எழுதியவர் யார்? 1840ஆம் ஆண்டில் ஆங்கில ஆட்சி 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தை இயற்றியது. காடும், தரிசும், குடியில்லாத நிலமும், பயிரில்லாத நிலமும், மறுதலை நிறுவப்படும்வரை முடிக்குரியவை என்று அச்சட்டம் அனுமானித்தது. சேனை செய்தும், மாடு மேய்த்தும், விறகு எடுத்தும் தலைமுறைகளாக அனுபவித்த கண்டிச் சீமைக் கிராமத்தவரிடம் அந்த அனுபவத்தை நிறுவும் எழுத்து இருக்கவில்லை. எழுத்து இல்லாதவரின் நிலம் முடிக்குரியதாயிற்று; முடிக்குரியது கோப்பித் தோட்டக்காரருக்கு மலிவு விலையில் விற்கப்பட்டது. அதே 1840இல் இயற்றப்பட்ட 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமோ, காணிக் கைமாற்றம் நொத்தாரிசு முன் எழுதப்பட்டாலன்றிச் செல்லாது என்றது. ஒரே ஆண்டில் எழுத்தில்லாதவனிடமிருந்து நிலம் போயிற்று. எழுத்துள்ளவனுக்கே நிலம் என்ற விதியும் பிறந்தது.

இதை நான் ஏன் சொல்கிறேன்? சிங்களக் கிராமத்து விவசாயியின் இழப்பும் நம் வெறுங்கையும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை என்பதை நாம் மறக்கலாகாது. அவனுடைய நிலத்தை நாம் பறிக்கவில்லை. அவனிடமிருந்து எடுக்கப்பட்ட மலையில் நாம் உழைக்கக் கொண்டுவரப்பட்டோம். கோப்பி நோய்ப்பட்டு அழிந்தது; தேயிலை வந்தது. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையைத் தோட்டப் பயிராக இட்டார். 1884இல் இருப்புப்பாதை இந்த றொசல்ல வழியாக ஹற்றனை எட்டியது. காட்டை வெட்டியவனும் கன்று நட்டவனும் கூலி பெற்றான். அவன் பெற்ற 'துண்டு' என்னும் காகிதத்திலும் அவனுக்குரிய காணி எழுதப்பட்டிருக்கவில்லை. அவன் பட்ட கடனே எழுதப்பட்டிருந்தது. அத்துண்டு முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிந்தது.

நூறாண்டு இருந்தால் சொந்தமாகாதா?

கூட்டங்களில் அடிக்கடி என்னிடம் கேட்கப்படும் கேள்வி இது. "பத்து வருடம் ஒரு காணியில் இருந்தால் உரிமை வந்துவிடும் என்கிறார்களே! நாங்கள் நூறு வருடத்துக்கு மேல் இருக்கிறோமே!"

கேள்வி நியாயமானது. விடையோ கசப்பானது. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், ஒருவர் பத்தாண்டு இடையறாது, இடையூறின்றி, உரித்தாளருக்கு எதிரான அல்லது அவரைச் சாராத உரித்தோடு காணியை ஆண்டால் அவருக்கு உரிமை உண்டென்கிறது. ஆனால், அந்த ஆட்சி பிறருடைய உரிமையை ஏற்றுக்கொண்டதாக இருத்தல் கூடாது. வாடகை கொடுத்தால் ஏற்றுக்கொண்டதாகும். விளைபொருள் கொடுத்தால் ஏற்றுக்கொண்டதாகும். சேவை செய்தாலும் ஏற்றுக்கொண்டதாகும். இங்குதான் சூட்சுமம் இருக்கிறது. தொழிலாளி லயத்தில் இருப்பது தோட்டத்துக்குச் சேவை செய்வதன் பொருட்டு. ஆகவே, அவன் எத்தனை காலம் உழைத்தானோ அத்தனை காலமும் "இது என்னுடையதன்று" என்று அவனே ஒப்புக்கொண்டதாகச் சட்டம் கருதுகிறது. அன்றியும், அரசுக்குரிய நிலத்தின் மீது இவ்வுரிமை செல்லாது. நிலமோ இன்று பெரும்பாலும் அரசின் உரித்தில் இருக்கிறது. உழைப்பே உரிமைக்குத் தடையான விந்தை இது!

ஆயினும் நீதிமன்றக் கதவு முற்றாக அடைபட்டிருந்ததென்று சொல்ல மாட்டேன். வேலை நின்றபின் லயத்தை விட்டு வெளியேறாதவர்மீது அத்துமீறல் குற்றம் சாட்டிச் சிறைக்கு அனுப்பும் வழக்கம் அக்காலத்தில் இருந்தது. 1950இல் பிரிவி கவுன்சில் தீர்த்த செல்வநாயகம் வழக்கு இத்தகையது. இவர் ஒரு தோட்டத்தில் வாழ்ந்தவர், அரசியல் தலைவர் அல்லர், பெயரொற்றுமை மட்டுமே. தமக்கு உரிமை உண்டென்று நல்லெண்ணத்தோடு நம்பி ஓரிடத்தில் இருப்பவர், அந்த நம்பிக்கை சட்டப்படி பிழையாயினும், குற்றவாளி ஆகார் என்றும், பிறரைத் தொல்லைப்படுத்துவதே முதன்மையான நோக்கம் என்று காட்டினால் மட்டுமே குற்றமாகும் என்றும் அங்கே விளக்கப்பட்டது. பின்னர், 1971ஆம் ஆண்டின் தோட்டக் குடியிருப்புகள் பற்றிய சிறப்புச் சட்டம், நீதிமன்றக் கட்டளையின்றித் தொழிலாளியை வெளியேற்றலாகாது என்றது.

இவை நல்லவை. ஆனால் இவை தந்தவை என்ன? வெளியே தள்ளப்படாமல் இருக்கும் பாதுகாப்பு மட்டுமே. வெளியேற்றப்படாதவன் வேறு, சொந்தக்காரன் வேறு. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் ஒருவரை நிம்மதியாக இருக்க விடுவதைச் சட்டம் சகித்துக்கொண்டது. அதை அவர் பெயரில் எழுத ஒப்பவில்லை.

சொந்த நாடு எது?

காணி இல்லாதவனிடம், "உன் நாடு எது?" என்ற கேள்வியையும் எழுப்பினார்கள். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் முடிக்குரிய காணியைக் குடியானவர்க்குப் பகிர வழி வகுத்தபோது, தோட்ட மக்கள் அதன் வாசலுக்கு வெளியே நின்றனர். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும், 1949ஆம் ஆண்டின் சட்டங்களும் அவர்களிடமிருந்து பிரசாவுரிமையையும் வாக்கையும் அகற்றின. 1964 ஒக்டோபர் 30ஆம் நாள் கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், 975,000 மக்களை எண்ணிப் பங்கிட்டது. 525,000 பேர் இந்தியாவுக்கு. 300,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 150,000 பேர் பின்னர் பார்த்துக்கொள்ளப்படுவர்! 1974இல் அந்த எஞ்சியவர்களும் பாதி பாதியாகப் பிரிக்கப்பட்டனர். பிரிக்கப்பட்டவர்களை ஒருவரும் கேட்கவில்லை.

இப்பங்கீட்டில் சொந்தம் என்னும் சொல்லின் இரு பொருளும் சிதைந்தன. அண்ணனுக்கு ஒரு நாடு, தம்பிக்கு ஒரு நாடு என்று உறவு பிரிந்தது. கப்பலேறிச் சென்றவர்களுக்கு இந்தியாவில் 'சிலோன்காரர்' என்று பெயர். இங்கு எஞ்சியவர்களுக்கு 'இந்தியாக்காரர்' என்று பெயர். இரண்டு நாட்டிலும் சொந்த நாட்டவர் என்னும் பெயரைப் பெறவே அவர்கள் போராட வேண்டியிருந்தது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம்தான் இந்நாட்டில் எஞ்சியவர்களின் பிரசாவுரிமைச் சிக்கலைப் பெரும்பாலும் தீர்த்தது. நாடு சொந்தமாவதற்கு அரை நூற்றாண்டு கடந்தது. வீடு சொந்தமாவதற்கு இன்னும் எத்தனை ஆண்டு?

கைமாறிய தோட்டம், மாறாத நிலை

1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டமும் 1975ஆம் ஆண்டின் திருத்தமும் தோட்டங்களை அரசுடைமை ஆக்கின. அந்நியன் போனான், இனி மண் மக்களுக்கே என்று முழங்கினார்கள். 'மக்கள்' என்ற சொல்லுக்குள் தொழிலாளி அடங்கினானா? அடங்கவில்லை என்பதற்குச் சாட்சி 1977 மே மாதம். தோட்டக் காணிகளை வெளியாருக்குப் பகிர்வதை எதிர்த்துத் தொழிலாளர் திரண்டபோது, நமக்கு அண்மையிலுள்ள டெவன் தோட்டத்தில் சிவனு லட்சுமணன் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். தாம் உழைத்த நிலத்துக்காக உயிர் நீத்த அவருக்கு அந்நிலத்தில் ஒரு பேர்ச்சஸ் உறுதியும் இருந்ததில்லை.

1992இல் தோட்டங்களின் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. பின்னர் 53 ஆண்டுக் குத்தகை எழுதப்பட்டது. அக்குத்தகை 2045இல் முடிவடையும். கணக்கைப் பாருங்கள். உரித்து அரசிடம் இருக்கிறது. அதற்கு எழுத்து உண்டு. அனுபவம் கம்பனியிடம் இருக்கிறது. அதற்கும் எழுத்து உண்டு, தொடங்கும் நாளும் முடியும் நாளும் உண்டு. இவ்விருவருக்கும் முன்னே வந்து, இருவரையும் தாங்கி நிற்கும் தொழிலாளியிடம் மட்டும் எழுத்து இல்லை.

யாழ்ப்பாணத்துத் தேசவழமையைப் பற்றி உங்களிற் கற்றவர்கள் அறிவீர்கள். அங்கே சொத்தை முதுசொம், சீதனம், தேடிய தேட்டம் என வகுத்தனர். முன்னோர் விட்டது முதுசொம். மகளுக்குக் கொடுத்தது சீதனம். கணவனும் மனைவியும் உழைத்துச் சேர்த்தது தேடிய தேட்டம். அச்சட்டம் மலையகத்தாரை ஆளாது. எனினும், அம்மூன்று சொற்களையும் இங்கே வைத்துப் பாருங்கள். ஐந்து தலைமுறை உழைத்தும் முதுசொம் இல்லை. மகளுக்குக் கொடுக்கக் காணி இல்லை. தேடியது உண்டு, தேட்டம் வேறொருவர் பெயரில் இருக்கிறது. நிலமுள்ள வட கிழக்கு விவசாயிக்கு, நிலமில்லாத தமிழனின் நிலையை விளக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

காகிதத்தை எப்படிப் படிப்பது?

இனிச் செய்ய வேண்டியதற்கு வருகிறேன். உங்கள் கைக்கு ஒரு பத்திரம் வந்தால், மாலையிட்டுப் படம் எடுப்பதற்கு முன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள்.

முதலாவது, யாருடைய பெயர்? குடும்பத் தலைவர் என்று ஓர் ஆணின் பெயர் மட்டும் எழுதப்பட்டால் ஏற்காதீர்கள். கொழுந்து பறிக்கும் கை பெரும்பாலும் பெண்ணின் கை. காணி அபிவிருத்திச் சட்டத்தின் வாரிசு வரிசையில் ஆண்மக்களுக்கிருந்த முன்னுரிமை 2022ஆம் ஆண்டின் திருத்தத்தால்தான் நீங்கியது என்பதை நினைவில் வையுங்கள். கணவன் மனைவி இருவர் பெயரும் வேண்டும்.

இரண்டாவது, எல்லை எங்கே? நில அளவைப் படமும் துண்டு இலக்கமும் இல்லாத பத்திரம் காற்றில் வரைந்த கோடு. ஏழு பேர்ச்சஸ் என்றால் ஏறத்தாழ 1,900 சதுர அடி. ஓர் ஏக்கர் 160 பேர்ச்சஸ். அதில் 22 குடும்பங்களுக்கு இடமுண்டு. கேட்பது பெருந்தொகை நிலமன்று என்பது இக்கணக்கால் விளங்கும். வீட்டோடு மரக்கறித் தோட்டத்தையும் மாட்டுப்பட்டியையும் நீங்கள் காலங்காலமாகப் பேணி வந்தீர்களாயின், அவையும் எல்லைக்குள் அடங்குமா என்று கேளுங்கள்.

மூன்றாவது, வேலைக்கும் வீட்டுக்கும் முடிச்சு உண்டா? தோட்டத்தில் வேலை செய்யும்வரை என்ற ஒரு வரி அதில் இருந்தால், அது லயத்தின் புது உருவமே. மகன் கொழும்பில் கடையில் நின்றாலும், மகள் ஆசிரியையாக நுவரெலியாவில் படிப்பித்தாலும் வீடு அவர்களுடையதாகவே இருத்தல் வேண்டும்.

நான்காவது, விட்டுச் செல்ல முடியுமா? பிள்ளைக்கு எழுதவும், வங்கியில் ஈடு வைக்கவும், தேவைப்பட்டால் விற்கவும் இயலாதது முழுச் சொந்தமாகாது. அனுமதிப்பத்திரம் வேறு, அளிப்பு வேறு, உறுதி வேறு. மூன்றுக்கும் முத்திரை ஒன்றுபோலத் தோன்றலாம், பயன் ஒன்றல்ல. வீடு கட்டி முடிந்த பின்னும் முழு உறுதி கைக்கு வராத குடும்பங்கள் பல இருக்கின்றன என்பதை நீங்களே அறிவீர்கள்.

இங்கு வந்திருக்கும் ஆசிரியர்களுக்கும் படித்த இளைஞர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு தோட்டத்திலும் மாதம் ஒரு ஞாயிறு, ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். வீட்டிலுள்ள காகிதங்களைக் கொண்டுவரச் செய்யுங்கள். சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருப்பதைத் தமிழில் படித்துச் சொல்லுங்கள். இந்த நான்கு கேள்விகளுக்கும் விடை உண்டா என்று குறித்து வையுங்கள். தோட்டந்தோறும் அப்படி ஒரு குறிப்பேடு இருந்தால், பாராளுமன்றத்தில் பேசுபவர் யாராயினும் வெறும் முழக்கத்தோடு போக வேண்டியதில்லை, கணக்கோடு போகலாம்.

அயற் கிராமத்துச் சிங்கள விவசாயிகளிடமும் போங்கள். 1840ஆம் ஆண்டின் கதையை அவர்களோடு சேர்ந்து பேசுங்கள். நாம் கேட்பது அவர்களுடைய வயலையன்று. நாம் குடியிருக்கும் மண்ணின் உறுதியைக் கேட்கிறோம். அவர்களும் தங்கள் அனுமதிப்பத்திரங்களை உறுதியாக்கக் கேட்டு நிற்பவர்களே. இரு சாராரின் கோரிக்கையும் ஒரே மேசைக்குப் போனால், ஒருவரைக் காட்டி மற்றவரை மறுக்கும் தந்திரம் செல்லாது.

சொந்தம் என்ற சொல்லை நம் தாய்மொழி இரு பொருளோடு நமக்குத் தந்தது. இம்மண்ணோடு உறவை நாம் ஐந்து தலைமுறையாக மெய்ப்பித்துவிட்டோம். உரிமையை எழுதித் தர வேண்டியது அரசின் கடன். அடுத்த ஞாயிறு முதற் கூட்டம் எந்தத் தோட்டத்தில் என்பதை இங்கேயே, இப்போதே முடிவு செய்துவிட்டுக் கலைவோமாக என்று கேட்டு அமைகிறேன்.